காய்ச்சல் விட்டதும் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. கால் புண் பழுத்து, குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்று ரிப்போர்ட். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் இன்னும் நிறைய ஊசி என்கிறார். தெரிந்தவர் ஒருவர், வீட்டுக்கே கம்பவுண்டரை அனுப்பி ஐந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். முறையாக வைத்தியம் செய்தும் சுமார் ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோகும் கிருமி இது. காய்ச்சல் விட்டாலும் இதய வால்விலோ முதுகெலும்பிலோ ஒட்டிக்கொண்டு இருக்கலாம். குறைந்தது 14 நாள் ஊசி வேண்டும். அந்தக் கணக்கு முதல் ஊசியிலிருந்து அல்ல, 'கிருமி இல்லை' என்று வந்த கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுத்த நாளிலிருந்து. அதனால் ஒன்றிரண்டு நாளுக்கொருமுறை கல்ச்சர் திரும்ப எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இதய எக்கோவும் கட்டாயம். வால்விலோ எலும்பிலோ பிடித்திருந்தால் ஊசி 4 முதல் 6 வாரம் வரை போகும். குனிந்து பால் வெட்டுகிறவருக்கு முதுகுவலி சகஜம்தானே என்று யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரவிலும் விடாத புது வலி என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

வீட்டு ஊசி ஏஜென்ட்கள் ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதும் என்பதற்காகவே செஃப்ட்ரியாக்சோனைப் போடுவார்கள். இந்தக் கிருமிக்கு அது முதல் மருந்தல்ல. சாதாரண வகைக்கு செஃபசோலின், மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத வகைக்கு வான்கோமைசின். நாள்கணக்கில் மாற்றாமல் கையில் கிடக்கும் வென்ஃபிளான் (ஊசி ஏற்றும் குழாய்) வழியாகவே இன்னொரு கிருமி ஏறும்.

இத்தனை நாள் ஊசிக்கு ஒரே ஒரு விலக்கு. ரிப்போர்ட்டில் 'ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' அல்லது 'கோயாகுலேஸ் நெகட்டிவ்' என்று இருந்தால், அது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து கலந்தது. அதுவும் கல்ச்சருக்கு எடுத்த ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்திருந்தால்தான். செயற்கை வால்வு, டயாலிசிஸ் குழாய் உள்ளவர்களுக்கு அப்படித் தள்ள முடியாது. இரண்டு இடத்தில் குத்தி எடுத்திருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. எத்தனை சொல்லியும் ஒரு பாட்டிலோடு முடித்துவிடுகிறார்கள். ஆரியஸோ, ஒரே பாட்டிலில் வந்தாலும் நிஜம்.

பணம்தான் தடை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுங்கள். புரோக்கர் தேவையில்லை. கல்ச்சர் ரிப்போர்ட் நகல், எந்த ஊசி எந்தத் தேதியில் தொடங்கியது என்ற விவரம், எக்கோ ரிப்போர்ட் மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள். உங்கள் உரிமை அது. வீடு வந்தபின் மூன்று மாதத்துக்குள் குளிர்காய்ச்சல் திரும்பினால், மெடிக்கல் ஷாப் மாத்திரையைத் தொடாமல் முதலில் கல்ச்சருக்கு ரத்தம் கொடுங்கள்.