முருங்கை மரத்துச் சிலந்தி

அன்புள்ள ஐயா,
விடிகாலையில் முருங்கைக்கீரை ஒடிக்கப் போன என் எட்டு வயது மகன், கொட்டாவி விட்டபடியே சிலந்தி வலைக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டான். துப்புவதற்குள் கொஞ்சம் விழுங்கியும் விட்டான். "எட்டுக்கால் பூச்சி நூல் விஷமாச்சே, குடலில் ஒட்டிக்குமே" என்று என் மாமியார் அழுகிறார். அதைக் கேட்டு அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதாவது ஆகுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றும் ஆகாது. முதலில் பையனுக்கு வயிறாரச் சோறு போடுங்கள்.

சிலந்திக்கு விஷம் இருப்பது முன்பக்கம், கடிக்கிற பல்லை ஒட்டிய பையில். நூல் வருவது வயிற்றின் பின்முனையில். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. பட்டுப்புழு நூலைப் போல இதுவும் புரதம்தான். இறுகிப் பின்னிய பகுதி எளிதில் செரிக்காது. செரிக்காவிட்டால் என்ன, சோற்றோடு உள்ளே போன தலைமுடி போலத் தானாக வெளியே வந்துவிடும். இதுவோ முடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத இழை. வலையில் மணிமணியாகப் பசைத்துளி இருப்பது உண்மை. பாட்டி பயந்ததில் தப்பில்லை. ஆனால் சோறும் குழம்பும் புரளுகிற குடலில் அந்தத் துளியூண்டு பசை எதைப் பிடித்து நிற்கும்?

பையனுக்கு உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, சிலந்தியே கடித்திருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். அது வலையை விழுங்கியதற்கான வைத்தியம் இல்லை, அலர்ஜிக்கும் கடிக்கும்.

வீட்டு மூலையில் தொங்கும் ஒட்டடை வேறு சங்கதி. அதில் நூலைவிட தூசியும் கரியும் பல்லி எச்சமும் பூச்சி மருந்தும்தான் அதிகம். போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வீசிங் உள்ள பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

அப்புறம், பாட்டியின் மனசுக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. தோட்டத்தில் வட்டமாக வலை கட்டும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தாங்களே தின்றுவிடும். எங்கள் கிணற்றடியில் டார்ச் அடித்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்னங்காலால் இழையை இழுத்து, உருட்டி, வாயில் அடக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் நாலைந்து ஓரக்கயிறு மட்டும் காற்றில் ஆடும். தின்ற புரதம் அதன் வயிற்றில் மறுபடி நூலாகிவிடுகிறது. இருட்டு பிரிவதற்கு முன்னால் பாட்டியையும் பேரனையும் அந்த முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போய் நில்லுங்கள். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் கண்ணில் படும்.