ஒரே ஓடையில் வாழும் பல வகை மீன்கள் ஒரே இரையைத்தான் தின்கின்றனவா?

ஓரளவுக்கு ஆமாம். இரண்டு வகை மீன்களின் இரை எவ்வளவு ஒத்துப்போகிறதோ, அதுதான் உணவு ஒப்புமை. வயிற்றில் இருப்பதைப் பார்த்து 0 முதல் 1 வரை மதிப்பிடுவார்கள். 0.6-ஐத் தாண்டினால் ஒப்புமை அதிகம் என்பது வழக்கம்.

இரை முழுவதும் ஒத்துப்போகாததற்குக் காரணம் வாயிலேயே இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாறு போன்ற மலையோர ஆறுகளில் கல்லோடு ஒட்டி நிற்கும் கர்ரா வகை மீனைத் திருப்பிப் பாருங்கள்: வாய் அடிப்பக்கம் இருக்கும், பாறைப் பாசியைச் சுரண்ட வசதியாக. பாசி செரிக்க நேரமாகும் என்பதால் குடலும் நீண்டு சுருண்டிருக்கும். டானியோ வகைக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். தண்ணீரில் விழும் எறும்பு, பூச்சிகளைப் பிடிக்கும். அயிரை தன் குட்டி மீசையால் மணலைத் துழாவிப் புழுக்களைத் தேடும். கெண்டைகளோ கிடைத்ததை எல்லாம் தின்னும், ஒப்புமை கூடுவது பெரும்பாலும் அவற்றால்தான்.

அப்புறம், பருவமும் முக்கியம். மார்த்தாண்டத்துச் சாயாக்கடையில் பழம்பொரி குவிந்திருந்தால் எல்லோரும் அதையே எடுப்பார்கள்; தீர்ந்துவிட்டால் ஆளுக்கொன்றாகப் பிரிவார்கள். மீன்களும் பெரும்பாலும் அப்படித்தான். பனாமா ஓடை மீன்களைப் பற்றி 1971-இல் வெளிவந்த ஆய்விலும், இரை குறைந்த வறண்ட காலத்தில்தான் ஒப்புமை குறைவாக இருந்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஓடைகளின் நிலை வருடத்தில் பலமுறை மாறும்.

உணவு ஒப்புமை அதிகம் என்றாலே போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரைக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் போட்டி, தாராளமாக இருக்கும்போது ஒரே இரையைத் தின்பதால் எந்த மீனுக்கும் குறையில்லை.