பெற்றவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள்

வணக்கம்,

எனக்கு 44 வயது. நான் தத்துப்பிள்ளை என்பது 20 வயதிலேயே தெரியும், ஆனால் வளர்த்த அம்மா இருந்தவரை அதைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. போன வருடம் அவரும் போய்விட்டார். அவருடைய பெட்டியில் ஒரு தாள் கிடைத்தது. அதில் என்னைப் பெற்றவரின் பெயரும் வயதும் இருக்கின்றன, தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. டிஎன்ஏ சோதனையும் செய்து பார்த்துவிட்டேன். வண்ண வண்ணமாக ஒரு வரைபடம், சதவீதங்கள், கூடவே முன்பின் தெரியாத நிறையப் பெயர்கள். பெற்றவர்களைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அவர்கள் எந்த வழியில் வந்தவர்கள், அவர்களுக்கு முன்னால் யார் யார் என்று தெரிந்தால் போதும். எங்கே தொடங்குவது? இது வளர்த்தவர்களுக்குச் செய்யும் துரோகமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துரோகம் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தது உங்கள் அம்மாதானே? என்றாவது உங்கள் கைக்கு வரட்டும் என்றுதான் வைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

சரி, சோதனைக்கு வருவோம். அந்த வண்ண வரைபடத்தை மூடி வையுங்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் உங்கள் தேடலுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை. இன்று வாழ்கிற சில குழுக்களின் மாதிரிகளோடு உங்கள் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் போடுகிற மதிப்பீடு அது, அந்த மாதிரிகளை மாற்றினால் சதவீதமும் மாறும். அதில் ஒரு முன்னோரின் பெயர்கூட வராது. நீங்கள் ஒதுக்கிய அந்த முன்பின் தெரியாத பெயர்கள் இருக்கின்றனவே, உங்கள் வம்சாவளி அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் சென்டிமார்கன் என்று ஓர் எண் இருக்கும், இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்பதற்கான அளவு அது. பெற்றவர் என்றால் 3400க்கு மேல். அம்மா, அப்பா இருவரில் ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு என்றால் சராசரியாக 1750. பெற்றவரின் உடன்பிறப்புடைய பிள்ளை என்றால் ஏறக்குறைய 850, அதற்கு அடுத்த சுற்று, அதாவது பூட்டன் பூட்டி (தாத்தா பாட்டியைப் பெற்றவர்கள்) பொதுவாக இருப்பவர்கள், 230 அளவில். நம் மொழியில் அத்தை மகனும் பெரியப்பா மகனும் வேறு வேறு உறவு, சோதனைக்கு இருவரும் ஒன்றுதான். 1750 என்ற அதே எண் பாட்டிக்கும் வரும், தாய்மாமாவுக்கும் வரும், ஒருவர் மட்டும் பொதுவான அக்காவுக்கும் வரும், அதனால் வயதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். உறவுக்குள்ளேயே பல தலைமுறையாகத் திருமணம் நடந்த குடும்பமாக இருந்தால் எண்கள் ஊதிப்போய், தூரத்துச் சொந்தம் நெருங்கிய சொந்தம் போலத் தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். யார் யார் தங்களுக்குள்ளேயும் பொருந்துகிறார்கள் என்பதை அந்தப் பட்டியலே காட்டும். ஓரளவு நெருங்கிய சொந்தங்கள் போதுமான அளவு இருந்தால் நான்கு கூட்டங்கள் கிடைக்கும், உங்கள் தாத்தா பாட்டி நான்கு பேருக்கும் ஒவ்வொன்று. இதற்குப் பெற்றவர்களின் பெயரே தெரிய வேண்டாம் என்பதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. 230 அளவில் பொருந்துகிற ஒருவரின் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, எழுதிப் பாருங்கள். அவருக்கு நான்கு பூட்டன் பூட்டி ஜோடிகள், பெரும்பாலும் அதில் ஒரு ஜோடி உங்களுடையது. இன்னொரு கூட்டத்தில் இன்னொருவருக்கும் இதையே செய்யுங்கள். முதல் ஜோடியின் பிள்ளை ஒருவரும் இரண்டாவது ஜோடியின் பிள்ளை ஒருவரும் எங்காவது கல்யாணம் செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்தக் கல்யாணம் கிடைத்துவிட்டால் உங்கள் தாத்தா பாட்டி கிடைத்துவிட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர்தான் உங்களைப் பெற்றவர். மேலே ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, கீழே இறங்குவது. மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

தாளில் உள்ள பெயர் உண்மையாக இருந்தால் இதில் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் அம்மா வழியைத் தனியாக எடுத்துவிட்டால் மீதி இருப்பது அப்பா வழிதான். ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். பயத்திலோ அவமானத்திலோ பெயரையும் வயதையும் மாற்றிச் சொன்ன பெண்கள் எத்தனையோ பேர், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தேதி, பதிவு எண், முத்திரை இவற்றை அதிகம் நம்பலாம். தத்து கொடுத்த இல்லம், நீதிமன்றம், மருத்துவமனை, பிறப்புப் பதிவு அலுவலகம் எல்லாவற்றிலும் தனித்தனியாகக் கேளுங்கள், ஓரிடத்தில் இல்லாதது இன்னோரிடத்தில் இருக்கும். எவ்வளவு காட்டுவார்கள் என்பது தத்து நடந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் வயதுவந்த தத்துப்பிள்ளைகள் 1930 முதலே தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம், பக்கத்தில் இருக்கிற இங்கிலாந்தில் அந்த உரிமை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. நாடு விட்டு நாடு போகும் தத்துக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, பெற்றோரின் அடையாளமும் மருத்துவ விவரங்களும் காக்கப்பட வேண்டும் என்கிறது, ஆனால் பார்க்க விடுவதை அந்தந்த நாட்டுச் சட்டத்திடமே விட்டுவிடுகிறது. பெயர் தர முடியாது என்றால் பெயர் இல்லாத விவரங்களைக் கேளுங்கள்: படிப்பு, தொழில், நோய்கள், அன்றைய சூழ்நிலை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் நெருங்கிய பெயர் வந்த அன்றே எழுதிவிடாதீர்கள். என் தோழி ஒருத்திக்காக இந்த வேலையில் இரண்டு வருடம் கூடவே இருந்தேன். 900 அளவில் ஒருவர் பொருந்தியதும் அன்று இரவே அவருக்கு இரண்டு பக்கம் எழுதி, என் அம்மா உங்கள் சித்தியா என்றும் கேட்டுவிட்டாள். அவள் எழுதும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன், நிறுத்தவில்லை. மறுநாள் அவர் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டார், திரும்ப வரவே இல்லை. அந்தச் சித்தியின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம். நீங்கள் தேடுகிற முன்னோர்கள் இறந்தவர்கள், ஆனால் அவர்களிடம் போகும் வழி உயிரோடு இருப்பவர்களின் வீடுகளுக்குள்ளே போகிறது. உங்கள் அப்பாவுக்கே நீங்கள் பிறந்தது தெரியாமல் இருக்கலாம். முதல் கடிதம் நான்கு வரி போதும்: நாம் பொருந்துகிறோம், என் கொடிவழியை எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் தாத்தா பாட்டி பெயர்களைச் சொல்ல முடியுமா என்று மட்டும்.

இன்னொன்று. உங்கள் டிஎன்ஏவைக் கூடுதல் தளங்களில் ஏற்றினால் உறவுகள் அதிகம் கிடைக்கும், உண்மைதான். அதோடு உங்கள் பிள்ளைகளின் பாதியும் அங்கே போகிறது. 2023இல் ஒரு பெரிய சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? மங்கிய முத்திரையோ பென்சிலில் எழுதிய எண்ணோ இருந்தால், நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். இங்கே போட மாட்டேன், நானே உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன்.