கரண்டுவ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

இலங்கையின் கண்டியில் நடக்கும் எசல பெரஹரா என்ற பௌத்த ஊர்வலத்தில் யானை மேல் போகும் 'கரண்டுவ' என்ன, தமிழில் எழுதும்போது பெட்டி என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரண்டுவ என்ற சிங்களச் சொல்லுக்கு, புனிதத் தாதுவை, அதாவது புத்தர் போன்ற பெரியோரின் உடல் எச்சத்தை, வைக்கும் பேழை என்று பொருள். தூபி வடிவில், மேலே கூர்ந்து முடியும். கண்டியின் தலதா மாளிகை என்ற பௌத்தக் கோயிலில் புத்தரின் புனிதத் தந்தம் (பல்) ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகளுக்குள் இருக்கிறது. பெரஹராவில் மாளிகையின் கொம்பன் யானை சுமப்பது வேறொரு பேழை; புனிதத் தந்தம் வெளியே வருவதில்லை. 1988இல் இறந்த ராஜா யானை பல ஆண்டுகள் சுமந்ததும் அப்படிப்பட்ட பேழையைத்தான்.

சொல்லின் மூலம் கரண்ட என்ற வடசொல். அது நமக்கும் அந்நியமில்லை: வெற்றிலை போடும் பாட்டிமார் வைத்திருக்கும் சுண்ணாம்புக் கரண்டகம் அதே வேரில் வந்ததுதான். ஆனால் தமிழில் அது சிறு சிமிழாகவே நின்றுவிட்டது. அதனால் இங்கே 'புனிதப் பேழை' அல்லது 'தாதுப் பேழை' என்று எழுதுங்கள். வெறும் 'பெட்டி' வேண்டாம்; கும்பிடுகிறவர்கள் மனதுக்கு அது ஒட்டாது.

இன்னொரு விஷயம், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். மாளிகைப் பெரஹராவுக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். அந்த யானைகள் சுமப்பது தெய்வங்களின் ஆயுதச் சின்னங்கள். அவற்றைக் கரண்டுவ என்று சொல்லக்கூடாது.

தாகபை வேறு. அது தாதுவை உள்ளே வைத்துக் கட்டிய தூபி. யாரும் தூக்கிச் செல்ல முடியாது.