அழுமூஞ்சி ஆல்பமா?

கேள்வி: அமெரிக்கப் பாடகி ஃபீபி பிரிட்ஜர்ஸின் இரண்டாவது ஆல்பம் 'பனிஷர்' என்றதும் ஆளாளுக்கு உருகுகிறார்களே! நானும் கேட்டேன். ஒன்பது பாட்டு வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு, கடைசியில் ஒரு கத்தல். முதல் ஆல்பத்தோடு சரக்கு தீர்ந்துபோய், இதில் அழுகையை வைத்து ஒப்பேற்றிவிட்டார் என்பது என் கட்சி. டி.வி.யில் கிதாரைப் போட்டு அடித்ததும் விளம்பரத்துக்குத்தானே? இதை ராக் என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

பதில்: இத்தனை குற்றச்சாட்டில், கடைசிப் பாட்டில் கத்தல் உண்டு என்பது ஒன்றுதான் தேறுகிறது. மற்றதற்கு வருகிறேன்.

சரக்கு தீர்ந்த கதை முதலில். முதல் ஆல்பத்துக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுக்கக் கைவசம் இருக்கும், இரண்டாவதுக்கு இரண்டே வருஷம்தான் கிடைக்கும், ஆகவே சறுக்கும் என்பது காலங்காலமாகச் சொல்லும் கணக்கு. பல பேர் விஷயத்தில் சரியாகவும் வந்திருக்கிறது. ஆனால் பிரிட்ஜர்ஸ் 2017-ல் 'ஸ்ட்ரேஞ்சர் இன் தி ஆல்ப்ஸ்' கொடுத்துவிட்டு, 2020 வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 2018-ல் ஜூலியன் பேக்கர், லூசி டேகஸ் என்ற பாடகிகள் இருவரோடும் சேர்ந்து 'பாய்ஜீனியஸ்' என்ற பெயரில் ஆறு பாட்டு போட்டார். மறு வருஷமே பாடகர் கானர் ஓபர்ஸ்டுடன் 'பெட்டர் ஒப்ளிவியன் கம்யூனிட்டி சென்டர்' என்று ஒரு முழு ஆல்பம். அந்த மூன்று பேருமே 'பனிஷர்' ஆல்பத்தில் வந்து பாடியிருக்கிறார்கள். 'இரண்டாவது' என்பது அட்டையில் அவர் பெயர் மட்டும் இருப்பதை வைத்துப் போட்ட எண். நீங்களாவது சரக்கு தீர்ந்தது என்கிறீர்கள். கிராமிக்காரர்கள் இந்த ஆல்பத்துக்கு அப்புறம்தான் அவரைச் 'சிறந்த புதுமுகம்' பட்டியலில் சேர்த்தார்கள். அந்தத் தடவை மொத்தம் நான்கு பரிந்துரை, விருது ஒன்றும் இல்லை.

அடுத்து முணுமுணுப்பு. 'கேட்டேன்' என்கிறீர்கள், எதில் என்று சொல்லவில்லை. 'கார்டன் சாங்' பாட்டில் அவர் குரலுக்குக் கீழே இன்னொரு குரல், அடித்தொண்டையில் ஓர் ஆண் குரல், கூடவே வரும். பாடுவது வேறு யாருமில்லை, அவருடைய டூர் மேனேஜர்தான். பாடகர் அல்லாத ஒருவரைக் கூட்டிவந்து இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும்: மேலே இருப்பவர் கனவில் பேசுகிற மாதிரி இருக்கிறார், தரை எது என்று காட்டுவது அந்தக் கீழ்க்குரல். போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் இது உங்கள் காதுக்கு வந்தே இருக்காது. இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

பல பாட்டில் ஒரே வரியை அவரே இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். உரக்கப் பாடுபவர்களுக்கு இது சுலபம், சத்தத்தில் பிசிறு மறைந்துபோகும். மெல்லப் பாடும்போது மூச்சு எடுக்கும் இடம், மெய்யெழுத்து விழும் இடம் எல்லாம் ஒட்டவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அசிங்கமாகக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வித்தையில் பெயர் போனவர் அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித். அவர் 2003-ல் இறந்தபோது பிரிட்ஜர்ஸுக்கு வயது ஒன்பது.

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே அந்த எலியட் ஸ்மித்தைப் பற்றியதுதான். கச்சேரி முடிந்து ஓய்ந்துபோய் நிற்கும் பாடகரை ஒரு மூலையில் மடக்கி, விடாமல் பேசி உயிரை எடுக்கும் ரசிகரைத்தான் இசைக்காரர்கள் 'பனிஷர்' என்கிறார்கள். பிரிட்ஜர்ஸ் அப்படிப்பட்ட ரசிகர்களிடம் நிறைய மாட்டியவர். இந்தப் பாட்டில், லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்மித் குடியிருந்த தெருப்பக்கம் ராத்திரியில் நடந்துபோகிறார். அந்த மனிதர் உயிரோடு எதிரே வந்திருந்தால், தானும் அவரை மடக்கி நிறுத்தி அறுத்துத் தள்ளியிருப்போம் என்று தோன்றுகிறது. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும் பாட்டு இது. அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள்.

'கியோட்டோ'வைக் கேட்டும் முணுமுணுப்பு என்கிறீர்களா, தெரியவில்லை. அதை முதலில் மெதுவான பாட்டாகத்தான் எழுதினாராம். ஸ்டூடியோவில் மெதுவான பாட்டாகவே பதிவு செய்து அலுத்துப்போய் வேகத்தைக் கூட்டியிருக்கிறார். டிரம்பெட் பளீரென்று வந்து விழுகிறது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்கலாம். ஆனால் விஷயம் என்ன? குடும்பத்துக்கு ஒட்டாத அப்பா. தம்பியின் பிறந்தநாளுக்குப் போன் செய்கிறார், பத்து நாள் தப்பி. முயற்சி செய்ததற்காகக் கொஞ்சம் மார்க் போடலாம் என்கிறாள் மகள். கோபமா, பரிவா, கேலியா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம். டிரம்பெட்டை எடுத்துவிட்டு அதே வரியைப் பாடியிருந்தால் நீங்கள் சொல்லும் அழுமூஞ்சிப் பாட்டாகத்தான் ஆகியிருக்கும். 'மூன் சாங்' என்ற காதல் பாட்டிலும் பாருங்கள், ஜான் லெனனைப் பற்றிச் சண்டை போட்டு அழுகிற இடம் வருகிறது. காதலர்கள் நிஜமாகவே சண்டை போடுவது இந்த மாதிரி விஷயத்துக்குத்தானே!

கடைசிப் பாட்டின் கத்தலுக்கு வருவோம். 'ஐ நோ தி எண்ட்' ஏறக்குறைய ஆறு நிமிஷம். பாதிவரை வழக்கமான மெல்லிய குரல், ஊருக்குத் திரும்பியும் ஒட்டாத ஒருத்தியின் புலம்பல். அப்புறம் டிரம்ஸ் நுழைகிறது, பாட்டு காரில் ஏறிக் கிளம்புகிறது, வழிநெடுக விளம்பரப் பலகைகள், உலகமே முடியப்போகிற மாதிரி ஒரு வானம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் கூடி, ஊதுகருவிகள் சேர்ந்து, கூட்டமே ஓங்கிப் பாடி, அப்புறம்தான் அலறல். அது அடங்கும்போது தொண்டையில் குரலே மிச்சமில்லை, வெறும் காற்றுதான் கரகரக்கிறது. முப்பது நிமிஷத்துக்கு மேல் அடக்கிவாசித்தவர் கத்துவதும், முதல் பாட்டிலிருந்தே கத்துபவர் கத்துவதும் ஒன்றா? ராக் என்று எந்த வாயால் சொல்வது என்றீர்களே, அந்த வாயால்தான்.

கிதார் விவகாரம். 2021 பிப்ரவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் இதே பாட்டின் முடிவில் கிதாரைத் தூக்கி அடித்தார். மூத்த ராக் கலைஞர் டேவிட் கிராஸ்பி 'பரிதாபம்' என்று ட்வீட் போட்டார். நல்லது. 1967-ல் மான்டரே இசை விழாவில் 'தி ஹூ' ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கிதாரை உடைத்தார், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கொளுத்தியே விட்டார். அதே விழாவில் பேர்ட்ஸ் குழுவோடு மேடையேறியவர் கிராஸ்பி. அது சரித்திரம், இது விளம்பரமா? விளம்பரப் பிரியர் என்றால் இதையும் யோசியுங்கள்: ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து அமெரிக்கத் தெருக்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த 2020 ஜூன் மாதம், ஆல்பம் வரவிருந்த நேரம். ஜூன் 19-க்கு அறிவித்திருந்த ஆல்பத்தை ஒரு நாள் முன்னாடியே விட்டுவிட்டு, இன நீதிக்காக உழைக்கும் அமைப்புகளுக்குப் பணம் கொடுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டவர் அவர்.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஏழாவதும் எட்டாவதுமான 'மூன் சாங்', 'சேவியர் காம்ப்ளெக்ஸ்' இரண்டும் அடுத்தடுத்து ஒரே நடையில் போகின்றன. அந்த இடத்தில் ஆல்பம் கண் அசந்துவிடுகிறது. ஒன்பதாவதாக இருக்கும் 'ஐசியூ'வை நடுவில் கொண்டுவந்து போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைப் பிடித்து எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன்.