யார்க்: ஞாயிறு ஒரு நாள், முட்டிவலி உள்ள அம்மாவோடு

ஞாயிறு காலை இங்கிலாந்தின் யார்க் நகரில் ரயிலைவிட்டு இறங்கியதும் முட்டிவலி உள்ள அம்மாவையும் பத்து வயதுப் பையனையும் நேரே மின்ஸ்டர் பேராலயத்துக்குக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஞாயிறு காலை அங்கே வழிபாடு. சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள்.

முதலில் ஸ்டேஷனை ஒட்டியுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம் போங்கள். நுழைவு இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. பையன் லேசில் நகரமாட்டான்.

மின்ஸ்டர் கோபுரத்துக்கு 275 படி, லிஃப்ட் கிடையாது. பையனோடு நீங்கள் ஏறுங்கள். அம்மா கீழே உட்கார்ந்து, 1408-இல் முடிந்த கிழக்குப் பெருஞ்சாளரத்தைப் பார்க்கட்டும். என்னைக் கேட்டால் கோபுரத்தைவிட அதுதான் உசத்தி. பைனாகுலர் அவசியம், மேல்வரிசைக் கண்ணாடிச் சித்திரங்கள் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. ஷாம்பிள்ஸ் தெருவில் கரடுமுரடான கல்தரை, அம்மாவுக்கு மெத்தென்ற ஷூ போட்டுவிடுங்கள். கோட்டைமதில் நடை அவருக்கு வேண்டாம்: ஏற இறங்கப் படிகள், சில இடங்களில் கைப்பிடியும் இல்லை.