பொழுதுபோக்கு என்றால் இளக்காரமா?

கேள்வி: ஹாரி வாலிஸ் கியூ என்ற ஆங்கிலேயர் பொழுதுபோக்காகவே பொய்த்தேள்கள் என்ற, தேள் போன்ற சிறு பிராணிகளை ஆராய்ந்தாராமே? படித்த விலங்கியலாளர்கள் இருக்க, இப்படிப்பட்டவர்களால் என்ன பயன்?

பதில்: பயனா? இந்தக் கேள்வியோடு எனக்குப் பழைய பகை. வானத்தை அண்ணாந்து பார்ப்பவரிடமும் பாசியைக் கிள்ளிப் பார்ப்பவரிடமும் இதையேதான் கேட்கிறார்கள். சம்பளத்துக்குப் பார்த்தால் ஆராய்ச்சி, ஆசைக்குப் பார்த்தால் வெட்டிவேலை என்ற கணக்கை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நத்தைகளும் சிப்பிகளும் ஒரு குளம் விட்டு மறுகுளம் போவது எப்படி என்று கியூ 1893இல் ஒரு புத்தகம் எழுதினார். நீர்வண்டின் காலைக் கவ்விக்கொண்டு பயணம் போகும் குட்டிச் சிப்பிகள் அதில் உண்டு. முன்னுரை தந்தவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தானும் கண்டுபிடித்த அந்த மேதை, சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர்.

பொய்த்தேளும் ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு ஊர் மாறும் பிராணிதான். சில மில்லிமீட்டர் உடம்பு, தேளுக்கு இருப்பது போல இரண்டு இடுக்கிகள். வாலும் கொடுக்கும் கிடையாது. பிரிட்டன், அயர்லாந்துப் பொய்த்தேள்களை 1911இல் தொகுத்து எழுதிய கியூ, மறு வருஷம் அவை இணைசேரும் விதத்தை எழுதினார். சில வகைகளில் ஆண் பெண்ணுக்கு எதிரே நின்று உடம்பை நடுக்கி ஆடுகிறது. பிறகு தரையில் ஒரு சிறு காம்பை நட்டு, அதன் நுனியில் விந்துப்பொதியை வைத்துவிட்டுப் பின்வாங்குகிறது. பெண் முன்னேறி வந்து அதை ஏற்றுக்கொள்கிறது. அரிசியைவிடச் சிறிய உயிரிடம் இவ்வளவு ஒழுங்கு! பொய்த்தேள்களில் இதைக் கண்டு சொன்ன முதல் ஆள் கியூ. கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து பார்க்காமல் இது கிடைக்குமா? அந்தப் பொறுமையை எந்தப் பல்கலைக்கழகம் பட்டமாக அச்சடித்துத் தரும்?

1914இல் கூடுகளைப் பற்றி எழுதினார். பொய்த்தேளுக்குப் பட்டிழை வாயருகே இருக்கும் உறுப்பிலிருந்து வருகிறது. சுற்றிலும் துகள்களை அடுக்கி, உள்ளே இருந்தபடியே இழையால் மெழுகிக்கொள்கிறது. தோலுரிப்பதும் குளிர்காலம் கழிப்பதும் அதற்குள்தான்.

நீங்களும் பார்க்கலாம். பழைய புத்தகத்தைப் புரட்டும்போது இடுக்கி நீட்டிய ஒரு சிறு பூச்சி சரேலென்று பின்பக்கமாக ஓடினால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது தாளைத் தின்ன வரவில்லை. புத்தகப் பேன்கள் என்ற நுண்பூச்சிகளைத் தின்ன வந்திருக்கிறது.